தைத்து மூடிய திறப்பு

எங்கள் ஊரில் பெண்கள் ஊசி போட்டுக்கொள்வதற்காகப் பாவாடை நாடாவை அவிழ்ப்பதில்லை. பிள்ளை பெறும்போது அவிழ்த்திருப்பார்கள், அது வேறு. காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் டாக்டரிடம் போனால் திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்க வேண்டியது, சேலைக்கட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியது, பாவாடையின் பக்கத்திறப்பைப் பின்பக்கமாக இழுத்துவிட வேண்டியது. நாடா முடிச்சுக்குக் கீழே அந்த இடைவெளியில் எவ்வளவு தோல் தெரிகிறதோ அவ்வளவுதான் நர்ஸுக்கு. அதில் பஞ்சைத் தடவி, குத்தி, எடுத்துவிட்டால் முடிந்தது. படுக்கவும் வேண்டாம், யாரும் எதையும் பார்க்கவும் வேண்டாம். அதற்குப் பெயர் இடுப்பு ஊசி. குத்துவது இடுப்பில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டு யார் சொல்வது?

இந்த விஷயம் எனக்குக் கூடுதலாகவே தெரியும். அந்தப் பாவாடைகளைத் தைத்தவளே நான்தான். என் வீட்டுக்காரர் ஹுமாயூனுக்கு ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அங்கிருந்து துணி கட்டுக்கட்டாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும், என் மிஷினில் பாவாடையாகித் திரும்பிப் போகும். தெருப் பெண்களும் அளவு கொடுக்க வருவார்கள். "திறப்பச் செத்த நீளமா வச்சிரு ஆரிபா, ஊசி போட வசதியா இருக்கும்" என்பார்கள். வைத்தேன். கேட்டதைத் தைப்பதுதான் என் வேலை. பாவாடைக்குள்ளே எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று எனக்கு எவன் சொல்லித் தந்தான்?

ஊசி போடுகிறவள் வஞ்சுளவல்லி. டாக்டர் ஜகந்நாதனின் கிளினிக்கில் நர்ஸ். மடவார் வளாகத்தில் வீடு, அவள் அப்பா ஆண்டாள் கோயிலுக்கு மாலை கட்டுகிறவர். நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே புளியங்காயைக் கடித்துப் பங்கு போட்டவர்கள். கல்யாணம் ஆன பிறகும் அவளுக்கு நான்தான் ரவிக்கை தைத்தேன், எனக்கு அவள்தான் ஊசி போட்டாள். அவள் கைக்கு ஊரில் நல்ல பெயர். ஊசி வருவதற்கு முன்னால் "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பாள். நாம் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் குத்தி எடுத்திருப்பாள். என்ன குழம்பு என்று அவள் ஒருநாளும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசி மழை தொடங்கியதுமே ஊரெல்லாம் காய்ச்சல். தீபாவளிக்குத் தைக்க வேண்டிய துணி மிஷினுக்கு இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கும் வந்தது. ஒரு ஊசி போட்டால் மறுநாள் எழுந்துவிடலாம் என்று துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், சீட்டு எழுதினார். திரைக்குப் பின்னால் வஞ்சுளா வெந்நீர்ப் பெட்டியிலிருந்து இடுக்கியால் ஊசியை எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சு நிறைந்து வாசல்படி வரைக்கும் கூட்டம்.

"ஏட்டி, உனக்குமா? திரும்பு, திரும்பு" என்றாள்.

பாவாடைத் திறப்பு அன்றைக்கு இடப்பக்கம் இருந்தது. துணிக்கட்டு சுமந்து சுமந்து எனக்கு இடப்பக்கம் கன்றிப் போயிருந்ததால் வலப்பக்கம் போடச் சொன்னேன். அவள் திறப்பைப் பிடித்துப் பின்பக்கமாகச் சுற்றி இழுத்தாள். பாதி தூரம் வந்து, சேலைச் சுற்றில் மாட்டிக்கொண்டு, நடுவிலிருந்து கொஞ்சம் வலப்புறம் தள்ளி நின்றுவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. இழுத்துப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை, எனக்கும் பொறுமை இல்லை. இரண்டு விரலால் திறப்பை அடிவரைக்கும் விலக்கினாள்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?"

கஞ்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தொடைக்குப் பின்னாலிருந்து பாதம் வரைக்கும் நெருப்புக் கம்பியை உருவிவிட்ட மாதிரி இருந்தது. "யா அல்லா! எடுட்டி, எடு, காலுக்குள்ள போவுது!" என்று கத்தினேன். சுவரில் இரண்டு கையையும் அறைந்தேன்.

"முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே அவள் மீதி மருந்தையும் உள்ளே தள்ளினாள். பிறகுதான் எடுத்தாள்.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. கட்டிலிலிருந்து இறங்கி வாசலுக்கு நடந்தேன். வலது கால் செருப்பு பாதி வழியிலேயே கழன்று கிடந்தது. திரும்பிப் போய் மாட்டினேன், மறுபடியும் கழன்றது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதத்தைத் தூக்க முடியவில்லை. விரல்களை மடக்கச் சொன்னால் மடங்குகின்றன, தூக்கச் சொன்னால் கேட்பதில்லை. பாதத்தின் மேல்தோலைக் கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது.

தையல் மிஷினை மிதித்தவர்களுக்குத் தெரியும். குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி இறங்க வேண்டும், அப்போதுதான் சக்கரம் ஒரே பக்கமாக ஓடும். முன்பாதம் எழும்பாவிட்டால் சக்கரம் பின்னால் சுற்றும், நூல் அறுந்துவிடும். இடது காலால் மிதித்துப் பார்த்தேன். தையல் பாம்பாக நெளிந்து போனது. தீபாவளித் துணியெல்லாம் வேறு தையற்காரிக்குக் கைமாறியது. செருப்பு கழலாமல் இருக்கப் பாவாடை நாடா ஒன்றை எடுத்துப் பாதத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சேலையைக் கரண்டைக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டு நடக்கப் பழகினேன். தெருவில் ஒருத்தர் கண்ணிலும் அந்தப் பாதம் படக்கூடாது என்று எனக்கு வெறி.

டாக்டர் ஜகந்நாதன் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் நரம்பு பலவீனமாகிவிட்டது என்றார். சத்து ஊசி ஒன்று எழுதினார். சிரிப்புதான் வந்தது எனக்கு, சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் ஊர் தன் பங்குக்குப் பேச ஆரம்பித்துவிட்டது. வாதம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், மழையில் எதையோ மிதித்துவிட்டாள் என்றார்கள். தர்காவில் ஓதி ஊதினார்கள், தாயத்து கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுத்தேன். வஞ்சுளா மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தலைவலி என்றாலே ஓடி வருகிறவள், என் வீட்டுத் தெருவையே மறந்துவிட்டாள். அதிலிருந்துதான் எனக்கு உறுதியானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து ராஜபாளையத்துக்கு ஒரு நரம்பு டாக்டர் வருவார். ஹுமாயூன் என்னை அவரிடம் கூட்டிப் போனார். அவர் ஊசி நுனியால் என் காலெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இடுப்புல ஊசி போட்டாங்களா?" என்பதுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்து மேசைமேல் விரித்தார். மடிப்புத் தடம் சிலுவையாகத் தெரிந்தது. "ஒரு பக்கத்துப் பிட்டம் இதுன்னு வச்சுக்கோங்க. மேல, வெளிப்பக்கம் இருக்கு பாருங்க இந்தக் கால்வாசி, இங்கதான் போடணும். கீழயும் உள்பக்கமும் போடக்கூடாது. அங்க ஒரு நரம்பு போகுது. உங்க சுண்டுவிரல் தடிமன். கால் அசையிறதுக்கான உத்தரவெல்லாம் அதுலதான் போகுது. உங்களுக்கு எந்த இடத்துல போட்டாங்க?"

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கைக்குட்டையின் உள்பக்கக் கீழ்க் கட்டத்தில், தடத்தை ஒட்டி, விரலை வைத்தேன். திறப்பு வந்து மாட்டி நின்ற இடம், அதன் அடிமுனை. அந்தத் திறப்பின் நீளம் எனக்குத் தெரியாதா?

"நின்னுக்கிட்டா?"

"எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் போட்டுக்கிடுதோம்."

"படுக்க வச்சு, துணியை நல்லா விலக்கி, முழுசாப் பார்த்துட்டுப் போடணும்மா. காலுக்கு மின்னுதுன்னு சொன்னா அந்த நிமிஷமே ஊசியை வெளிய எடுத்துடணும். மருந்து உள்ள போகக்கூடாது." அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரியாகலாம். மாசக்கணக்காகும். முழுசா சரியாகாமலும் போகலாம். பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு பட்டை எழுதித் தர்றேன், விடாம போட்டுக்கோங்க."

பஸ்ஸில் வரும்போது ஹுமாயூன் என்னைத் தேற்றினார். நான் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வழக்கு வேண்டாம், பஞ்சாயத்து வேண்டாம். அவள் வாயிலிருந்து 'நான் போட்ட ஊசி' என்ற ஒரு வார்த்தை வர வேண்டும். நாலு பேர் கேட்க வர வேண்டும். வாதம் வந்தவள், கண்ணேறு பட்டவள், எதையோ மிதித்தவள் என்ற பெயரெல்லாம் என்மேலிருந்து கழன்று விழ வேண்டும். அதற்குப் பிறகு கால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று நினைத்தேன். இரண்டாவது பாதி பொய்தான், இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன்.

தேரடிப் பக்கம் ஒருநாள் காலையில் அவளை மறித்தேன். கையில் பூக்கூடை வைத்திருந்தாள்.

"என் கால் எதுனால போச்சுன்னு உனக்குத் தெரியும். சொல்லிரு" என்றேன்.

"காய்ச்சல்னு டாக்டர் சொல்லுதாரு ஆரிபா."

"டாக்டரா என்னையக் குத்துனாரு?"

அவள் கூடையைக் கை மாற்றினாள். "எங்கப்பாவுக்குக் கை நடுங்குது. முன்ன மாதிரி மாலை கட்ட முடியல. நான் இப்பிடி ஒரு வார்த்த சொல்லிட்டேன்னா மறுநாளே என்னய நிப்பாட்டிருவாரு. எங்க வீட்டுல அடுப்பு எரியாது."

"எங்க வீட்டுல மிஷின் ஓடல."

அவள் கண் என் சேலைக் கரைக்குப் போய், நாடா கட்டிய செருப்பைப் பார்த்து, சட்டென்று வேறு பக்கம் திரும்பியது. கோயில் பக்கமாக நடந்துவிட்டாள். நாசமாய்ப் போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. புளியங்காய் பங்கு போட்ட வாய், வரவில்லை.

இது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த மல்லுக்கட்டாகவே முடிந்திருக்கலாம். மாஜிதா இருந்தாளே.

மாஜிதா ஹுமாயூனின் தங்கை. அத்தாவும் அம்மாவும் போன பிறகு எங்களோடு இருக்கிறவள், பத்தாம் வகுப்பு. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து நெஞ்சு வரைக்கும் போய்த் திரும்பியவள். மறுபடி அது வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. கையில் போடுகிற ஊசி இல்லை. பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும், பெரிய ஊசியால் ஆழமாகப் போட வேண்டும். ஒன்று தவறினாலும் இதயத்தின் வால்வு கெட்டுப்போகும் என்று டாக்டர் ஜகந்நாதனே பலமுறை சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷமாக வஞ்சுளாதான் போட்டு வந்தாள், அதே திரைக்குப் பின்னால், அதே திறப்பு வழியாக.

என் கால் போனதிலிருந்து மாஜிதா ஊசிக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். கெஞ்சினோம், திட்டினோம். "மதினி மாதிரி ஆயிருவேன்" என்று ஒரே பேச்சு. என் முகத்துக்கு எதிரிலேயே சொன்னாள். ஒரு முறை தவறியது, அடுத்ததும் தவறியது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வீங்கியிருந்தது. தாவணிக்குள் நெஞ்சு படபடவென்று அடிப்பது கீழே நின்ற எனக்குத் தெரிந்தது.

"வேற ஊரு, வேற நர்சு. ராசபாளையத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றார் ஹுமாயூன். போனோம். வேறு ஊர்தான், வேறு நர்ஸ்தான். உள்ளே போனால் அதே மாதிரி ஒரு திரை, அதே மாதிரி ஒரு சுவர். மாஜிதாவைத் திருப்பி நிறுத்தி, அந்த அம்மாளின் கை நேராகப் பாவாடைத் திறப்பைத் தேடிப் போனது.

"படுக்க வச்சுப் போடுங்கம்மா" என்றேன்.

"இந்தக் கூட்டத்துல யாரப் படுக்க வைக்க? எல்லாருக்கும் இப்பிடித்தான் போடுதோம். யாருக்கு என்ன ஆயிருச்சு?"

காட்டியிருக்கலாம். என் கால் அங்கேயேதான் இருந்தது. சேலைக்குள்ளே இன்னும் இழுத்துக்கொண்டேன், வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குள் மாஜிதா திரையைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள். ஹுமாயூன் அவளைப் பிடித்துக் கூட்டி வந்தபோது அவளால் பேச முடியவில்லை, மூச்சு அப்படி இரைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்கு ஒன்று புரிந்தது. வஞ்சுளா ஒருத்தியின் கைப்பிழை என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. எல்லாத் திரைக்குப் பின்னாலும் எல்லோரும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறார்கள், நாமும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுகிறோம். குத்தியது பிசகிவிட்டது என்று தெரிந்தவள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒருத்திதான். அவளிடம்தான் போக வேண்டும். இந்த நினைப்பு வந்ததும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது, ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மாஜிதாவின் பாவாடை ஒன்றை எடுத்தேன். மிஷின் மிதிக்கக் கால் இல்லை, கை இருக்கிறதே. கையூசியில் இரட்டை நூல் கோத்து, பக்கத்திறப்பை அடியிலிருந்து மேல்வரைக்கும் தைத்து மூடினேன். நாடா வெளியே வருகிற அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் விட்டேன். எடுப்பாகத் தெரியட்டும் என்று பச்சைப் பாவாடைக்கு வெள்ளை நூல்.

"இத எப்பிடி மதினி போடுறது?"

"தல வழியாப் போடு."

"எதுக்கு?"

"நாடாவ அவுக்காம ஒரு பயலும் ஒரு சிறுக்கியும் உனக்கு ஊசி போடக் கூடாது, அதுக்கு."

மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டர் ஜகந்நாதனின் கிளினிக்குக்குப் போனேன். எப்போதும்போல் பெஞ்சு நிறைந்திருந்தது. வஞ்சுளா கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டு நின்றாள். நான் மருந்துக்குப்பியை நீட்டினேன். "மாஜிதாவுக்கு. ரெண்டு தடவ விட்டுப் போச்சு" என்றேன். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவளிடம் நான் பேசியது அதுதான்.

அவள் மாஜிதாவின் முன்கையில் சோதனைக்குக் கொஞ்சம் மருந்து போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னாள். காத்திருந்தோம். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் மகாராஜபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த இருளம்மாள் இருந்தாள், என்னிடம் பாவாடை தைத்துக்கொள்கிறவள். "வாதம் எப்பிடித் தாயி இருக்கு?" என்று விசாரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கு என்றேன். மாஜிதாவின் கையில் தடிப்பு ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு வஞ்சுளா எங்களைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

மாஜிதா பழக்கப்படி சுவரைப் பார்த்து நின்றாள். வஞ்சுளாவின் கையும் பழக்கப்படி தாவணிக்குக் கீழே பக்கவாட்டில் போனது. திறப்பைத் தேடியது. கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் தேடியது, அங்கேயும் இல்லை. பிறகு அவள் விரல் என் தையலின் மேல் பட்டு நின்றது. குனிந்து பார்த்தாள். வெள்ளை நூலை அடியிலிருந்து நுனிவரைக்கும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். அது யார் கைத்தையல் என்று அவளுக்குத் தெரியும், அவள் போட்டிருந்த ரவிக்கையிலும் அதே கைதான்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. மூலையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்த மேசையைக் காலி செய்தாள். அதன்மேல் ஒரு துவைத்த விரிப்பைப் போட்டாள். திரையின் இரண்டு ஓரத்தையும் இழுத்துக் கிளிப் மாட்டினாள்.

"நாடாவ அவுத்துட்டுக் குப்புறப் படு மாஜிதா. நானும் உன் மதினியும்தான் இருக்கோம்."

மாஜிதா என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வெட்கமும் பயமும். நான் அவள் கையைப் பிடித்து முடிச்சின்மேல் வைத்தேன். அவள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அவிழ்த்தாள், படுத்தாள்.

"ரெண்டு கால் பெருவிரலயும் உள்பக்கமாத் திருப்பி வச்சிக்கோ. அப்பத்தான் சதை எளகும்" என்றாள் வஞ்சுளா. துணியை முழுசாக விலக்கினாள். கட்டைவிரலால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். மேல்புறம், வெளிப்பக்கம். அந்த இடத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, காயும்வரைக்கும் நின்றாள். குழம்பு பற்றிக் கேட்கவில்லை.

ஊசி நேராக உள்ளே போனது. மருந்தைத் தள்ளாமல் முதலில் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. "காலுக்கு ஏதும் எறங்குதா? மின்னுதா? சொல்லு" என்றாள். இந்தத் தடவை பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"இல்லக்கா. போடுற எடம் மட்டுந்தான் வலிக்கி."

மெதுவாகத் தள்ளினாள். எடுத்துப் பஞ்சால் அழுத்திக்கொண்டே, "வெரல அசை, பாதத்தத் தூக்கு" என்றாள். மாஜிதாவின் பாதம் மேசை விளிம்பில் ஜம்மென்று எழும்பி இறங்கியது. நானும் வஞ்சுளாவும் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதே நேரத்தில் உள்ளே பற்றி எரிந்தது. இவ்வளவும் தெரிந்துவைத்திருக்கிறாள். யாரிடம் கேட்டாளோ, எங்கே படித்தாளோ, என் காலைக் கொடுத்து இவள் கற்றுக்கொண்டிருக்கிறாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். மாஜிதாவை எழுப்பி உடுத்தச் செய்து வெளியே கூட்டி வந்தேன்.

அடுத்த முறை இருளம்மாளுடையது. அவள் எழுந்து வரும்போதே திறப்பைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

"நாடாவ அவுத்துட்டு மேசையில படுங்கக்கா" என்றாள் வஞ்சுளா.

"இதென்ன புதுசா? எம்புட்டு வருசமா நின்னுக்கிட்டுப் போட்டுக்கிடுதேன். எனக்கு என்ன ஆயிருச்சு?"

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். வஞ்சுளா திரையைப் பிடித்தபடி நின்றாள். நான் மாஜிதாவுக்குச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், வஞ்சுளா என்னைப் பார்க்கிறாள் என்று முதுகில் தெரிந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆரிபாவுக்கு ஆயிருச்சு" என்றாள். வாசல்படி வரைக்கும் கேட்டது. "அது வாதமும் இல்ல, காய்ச்சல்ல வந்ததும் இல்ல. நான் போட்ட ஊசி. எடம் பாக்காமப் போட்டேன். எடு எடுன்னு கத்துனா. நான் எடுக்கல."

உள்ளறையிலிருந்து டாக்டரின் குரல் வந்தது. "வஞ்சுளா! இங்க வா."

"வாரேன் சார்" என்றாள். நகரவில்லை.

இந்த ஒரு வார்த்தை வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று எவ்வளவோ நாள் படுத்துக்கொண்டே ஒத்திகை பார்த்திருக்கிறேன். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கும் போகவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்காக எனக்குப் பயமாக இருந்தது. அவள் வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் என் சேலைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். செருப்போடு சேர்த்துக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தேன். நரம்பு டாக்டர் எழுதித் தந்த பட்டையையும் கழற்றினேன். சேலையைக் கரண்டைக்கு மேலே தூக்கி, காலை நீட்டினேன். பாதம் தொங்கியது. தூக்கிப் பார்த்தேன், எல்லோருக்கும் தெரியும்படி இன்னொரு முறையும் முயன்று பார்த்தேன். எழும்பவில்லை.

"நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றேன்.

இருளம்மாள் பார்த்தாள். என் முகத்தையும் வஞ்சுளாவின் முகத்தையும் பார்த்தாள். பிறகு திரைக்குப் பின்னால் போனாள். மேசை கிறீச்சிட்டது.

"திரைய நல்லா இழுத்து விடு தாயி" என்றாள். "அவுத்துட்டேன்."